கொல்லைப்புறத்துக் குருவியும் பூச்சியும்

(சிலிபினில் நடைபெற்ற பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானோ கொசு, வண்டு, ஆந்தை, காக்கை இவற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "இதைக் கேட்கவா காலையிலேயே புடவை மாத்திக்கிட்டு வந்தோம்?" என்று தாய்மார்கள் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நம் முன்னோர்களின் உயிரும், நம் பிழைப்பும், இன்று நம் பிள்ளைகளின் உடல்நலமும் இந்தச் சின்ன உயிர்களோடு கட்டுண்டு கிடக்கின்றன.

இன்றைக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "வேலிமேல் உட்கார்ந்திருக்கிறதே, அது என்னப்பா?" என்று கேட்டால், "குருவி சார்" என்கிறான். அடுத்த மரத்தில் வேறொன்று. "அது?" "அதுவும் குருவிதான் சார்." சுவரில் ஊர்வதைக் காட்டினால், "பூச்சி சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறான். ஆனால் பால்மரக் காட்டில் காலமெல்லாம் மரம் வெட்டிய அவனுடைய தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். கரிச்சான், மைனா, மணிப்புறா, மீன்கொத்தி, மரங்கொத்தி, செம்பருந்து, தேன்சிட்டு, முசுறு, குளவி, தும்பி என்று அடுக்கிக்கொண்டே போவார். எது எந்த மாதம் வரும், எது எங்கே கூடு கட்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஈப்போவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வரிசை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம். சட்டி பானை, சாமி படம் எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டு வந்தோம். இந்தப் பெயர்களை மட்டும் கொண்டுவரவில்லை. குருவிகள் நம்மோடு வந்துவிட்டன. பெயர்கள் தாத்தாவோடு நின்றுவிட்டன.

பெயர் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் உண்மையாகவே குடி முழுகியிருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் ஆயிரமாயிரமாய் நம் மக்கள் மலேரியாக் காய்ச்சலில் மடிந்தார்கள். கப்பலை விட்டு இறங்கிய ஆண்டே செத்தவர்கள் உண்டு. கொயினா மருந்தின் கசப்பை அறியாத தோட்டத்துக் குடும்பம் அந்நாளில் இல்லை. இந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று 1897ஆம் ஆண்டு இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். நகரெங்கும் காய்ச்சல். அதே ஆண்டில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மூடிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு நிலைமை மோசம். வாட்சன் சதுப்பு நிலங்களுக்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார். காட்டை அழித்து வெயில் படச் செய்தார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

இதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களிலும் செய்து பார்த்தார்கள். அங்கேயும் காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் விழச் செய்தார்கள். காய்ச்சல் குறையவில்லை, முன்பைவிட அதிகமாயிற்று! ஒரே மருந்து, ஓரிடத்தில் பிழைக்க வைக்கிறது, இன்னோரிடத்தில் சாகடிக்கிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு கொசுக்கள். தாழ்நிலத்தில் இருந்தது அனோஃபிலிஸ் அம்புரோசஸ். 'அம்புரோசஸ்' என்றால் நிழலுக்குரியது என்று பொருள். நிழலான காட்டுச் சதுப்பு நீரில் அது முட்டையிடும். காட்டை வெட்டினால் ஒழிந்துபோகும். மலையில் இருந்தது அனோஃபிலிஸ் மக்குலேட்டஸ், அதாவது புள்ளிக்காரி. அவளுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் வேண்டும். காட்டை வெட்டியவர்கள் அவளுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள்! பிறகுதான் மலைத் தோட்டங்களில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓடவிட்டார்கள். எண்ணெய் தெளித்தும் புழுக்களைக் கொன்றார்கள்.

எந்தக் கொசு, அது எந்தத் தண்ணீரில் பிறக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வைத்தியம் செய்யும் இந்த முறையை உலகுக்குக் காட்டிய இடங்களில் நம் மலாயாவும் ஒன்று. அந்தப் பாடத்துக்கு விலையாகப் போன உயிர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் பலர் உண்டு. இன்று, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மலேரியா 2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவிற்குள் தோன்றியதாகப் பதிவு இல்லை. காட்டுக் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் ஒரு வகைதான் எஞ்சியிருக்கிறது. "எல்லாம் கொசுதானே" என்று இருந்திருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்க முடியுமா?

இன்று நம் வீட்டில் உள்ள எதிரி வேறு. டிங்கிக் காய்ச்சலைக் கொடுக்கும் ஏடிஸ் கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரி. காலிலும் வெள்ளை வளையம். சாக்கடையில் தேடினால் அதிகம் கிடைக்காது. தேங்கிய நல்ல தண்ணீரில் பிறக்கிறது. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், அடைத்துக்கொண்ட கூரைத் தகரம், கைவிட்ட பால்மரத்தில் இன்னும் தொங்கும் மங்கு, இவையெல்லாம் அதன் பிரசவ வார்டுகள். காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும். ஆகவே இரவு மட்டும் கொசுவத்தி கொளுத்தினால் போதாது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அந்த வாரத்துக் கொசு பிறக்காது. முட்டை, காய்ந்த சட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கொட்டிய பிறகு சட்டியைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். பிள்ளைகளே, இந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

பூச்சி என்றாலே எதிரி என்று எண்ணிவிடலாகாது. அடுத்து நமக்குச் சோறு போடும் ஒரு பூச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே செம்பனையில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? வயதான அம்மாமார்கள் சிலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் செம்பனைக்குக் கையால் மகரந்தம் போட வேண்டும். ஆண் பூவிலிருந்து தூள் எடுத்து, ஊதுகுழாயில் நிரப்பி, மரம் மரமாய்ப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். முள் கிழிக்கும். பாம்பு இருக்கும். இந்த வேலையில் பெண்கள்தான் அதிகம். ஏன் இப்படிச் செய்ய வேண்டியிருந்தது? செம்பனை ஆப்பிரிக்க நாட்டு மரம். சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிகப் பயிராக நடத் தொடங்கினார்கள். மரம் கப்பலேறி வந்தது; அதற்குத் துணையான பூச்சி அங்கேயே தங்கிவிட்டது. காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அப்போது படித்தவர்களும் நம்பினார்கள்.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் என்பவர் 1970களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டுக்குப் போய்ச் செம்பனைப் பூக்களை உட்கார்ந்து கவனித்தார். எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஒரு மூக்கு வண்டு கூட்டம் கூட்டமாய் ஆண் பூவுக்கு வருவதைக் கண்டார். அந்தப் பூவில் சோம்பு மணம் வீசும். வண்டு அந்த மணத்தைப் பிடித்து வந்து அங்கே தின்று, முட்டையிட்டு, உடம்பெல்லாம் தூளைப் பூசிக்கொள்ளும். பெண் பூவும் இடையிடையே அதே மணத்தை வீசும். வண்டு ஏமாந்து அங்கே போகும்; தூள் ஒட்டிக்கொள்ளும்; காய் பிடிக்கும்.

அந்த வண்டு வேறு பயிரைக் கெடுக்குமா என்று நன்றாகச் சோதித்துவிட்டு, 1981ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜொகூரில் குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பறக்கவிட்டார்கள். சீக்கிரமே அது நாடெங்கும் பரவியது. குலைகளில் காய் நெருக்கமாய்ப் பிடித்தது. ஊதுகுழாய் மூலைக்குப் போயிற்று. அந்த வேலையை நம்பியிருந்த பெண்கள் வேறு வேலைக்கு மாற வேண்டியதாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சிறு வண்டு ஒரு நாட்டின் வருமானத்தையே கூட்டியது; அதே வண்டு நம் வீட்டுப் பெண்களின் வேலையையும் மாற்றியது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்ற நம் பழமொழி இந்த வண்டுக்கு முன்னால் மிகவும் சிறியது.

இனி ஆந்தை. பெயரைச் சொன்னதுமே சில பாட்டிமார்கள் முகம் சுளிக்கிறீர்கள். "சாயங்காலம் அதன் பேச்சை எடுக்காதீங்க" என்பீர்கள். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்பது நம்மவர் நம்பிக்கை. மலாய்க்காரர்களும் அதை 'புரோங் ஹந்து', பேய்ப் பறவை என்றே அழைக்கிறார்கள். வெள்ளை முகத்தோடு இருட்டில் சத்தமில்லாமல் பறந்து, திடீரென்று கிரீச்சிட்டால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

செம்பனைத் தோட்டங்களில் அதிகம் காணப்படும் அந்த வெள்ளை முக ஆந்தையைத் தமிழில் கூகை என்பார்கள். அதற்கு மலாயில் இன்னொரு பெயரும் உண்டு: 'புங்குக் ஜெலாப்பாங்'. நம் சிலிபினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெலாப்பாங் எல்லோருக்கும் தெரியும். மலாயில் அந்தச் சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்று பொருள். களஞ்சியத்து ஆந்தை! ஒருவன் பேய் என்று பெயர் வைத்தான். இன்னொருவன் களஞ்சியக் காவலாளி என்று பெயர் வைத்தான். இரண்டாமவன்தான் அதைச் சரியாகப் பார்த்தவன்.

செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்குவது எலி. கூகை அந்த எலிகளையே தின்று வாழ்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1960களின் இறுதியில்தான் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டத்தில் இதன் கூடு முதலில் பதிவாயிற்று. எலி பெருகிய இடத்துக்கு அது தானாகவே தேடி வந்தது. பிறகு தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் பெட்டி வைத்துக் குடியேற்றினார்கள். செம்பனைக் காட்டில் உயரமான கம்பத்தின்மேல் பெட்டியைப் பார்த்திருப்பீர்களே, அது ஆந்தையின் லயம்! ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளுமாய் ஆண்டுக்கு ஆயிரம் எலிகளுக்கு மேல் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம்பாதவர்கள் அந்தப் பெட்டியின் அடியில் போய்ப் பாருங்கள். கட்டைவிரல் அளவில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் ஆந்தை உருட்டிக் கக்கியது. குச்சியால் பிரித்தால் உள்ளே எலியின் மண்டையோடு அப்படியே இருக்கும். எத்தனை மண்டையோடு என்று எண்ணினால் கணக்குப் பாடம். எந்த எலி என்று பார்த்தால் அறிவியல் பாடம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் சுகாதாரப் பாடம்!

ஆந்தை அலறிய இரவில் யாராவது இறந்திருக்கலாம். அலறாத எத்தனையோ இரவுகளிலும் இறந்திருக்கிறார்கள். அதை யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆகவே தாய்மார்களே, ஆந்தையைக் கண்டால் கல்லெறியச் சொல்லாதீர்கள். கடுமையான எலி மருந்தையும் கண்டபடி வைக்காதீர்கள். அந்த மருந்தைத் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைப் பற்றிப் புகார் செய்து பயனில்லை.

காக்கையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விரத நாளில் சோறு வைத்துக் 'கா கா' என்று அழைக்கிறோம். அந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை இந்த நாட்டுப் பிறவியில்லை. 1900ஆம் ஆண்டை ஒட்டி, கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுத் தொல்லை மிகுந்தபோது, புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது. நம்மவர்கள் போலவே தோட்ட வேலைக்கு வந்ததுதான்! காப்பி போய் ரப்பர் வந்தது. காக்கை நகரத்தில் குப்பையைக் கிளறிப் பெருகியது; தொல்லையாகவும் ஆயிற்று. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலும் அதன் பின்னாலேயே பெருகியது. விடியற்காலையில் 'கூ... கூ...' என்று நம்மை எழுப்புகிறதே, அது காக்கை வளர்த்த பிள்ளை! ஓர் உயிரைப் புது ஊருக்குக் கொண்டுபோனால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் எளிதில் தெரியாது. செம்பனை வண்டு விஷயத்தில் முதலில் சோதித்தது எவ்வளவு நல்லது என்று இப்போது புரிகிறதல்லவா?

இனி உங்கள் கொல்லைப்புறத்துக்கு வாருங்கள். முதலில் ஐந்து பேரை அறிமுகம் செய்து வைக்கிறேன். மற்றவர்களை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

ஒன்று, கொண்டைக்குருவி. பழுப்பு உடம்பு, வாலுக்கு அடியில் மஞ்சள். பப்பாளிப் பழத்துக்கு முதல் ஆள்.

இரண்டு, கரிச்சான். கறுப்பும் வெள்ளையும், வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். மலாயில் முராய். விடியலில் பாடும் பாட்டுக்காகவே இதைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். கூண்டுக்கு வெளியே கேட்டால் காசு செலவில்லை.

மூன்று, தேன்சிட்டு. கட்டைவிரல் அளவு, வளைந்த அலகு, மஞ்சள் வயிறு. ஆணுக்குத் தொண்டையில் நீலம் மின்னும். சிலந்தி நூலால் பின்னி, பை போல் கூட்டைத் தொங்கவிடும். பூச்சட்டிச் செடியிலேயே கட்டும், துணிச்சல்காரி.

நான்கு, முசுறு. மலாயில் கெரெங்கா. ரம்புத்தான் மரத்திலும் மாமரத்திலும் இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் புழுக்களின் வாயிலிருந்து வரும் நூலாலேயே தைத்து வீடு கட்டும் எறும்பு. கடித்தால் சுரீர் என்கும், உண்மைதான். ஆனால் மரத்துப் புழுக்களையெல்லாம் பிடித்துத் தின்கிறது. சீன நாட்டு விவசாயிகள் பல நூற்றாண்டுகளாக இந்த எறும்புக் கூட்டை வாங்கி ஆரஞ்சு மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஐந்து, தும்பி. பறக்கும்போது கொசுவைப் பிடிக்கும். நீரில் குஞ்சாக இருக்கும்போது கொசுப்புழுவைத் தின்னும். அதன் வாலில் நூல் கட்டி இழுக்கும் விளையாட்டை இன்றோடு விட்டுவிடுங்கள், தம்பிகளே.

இவற்றைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். ஒரு கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். காலையிலோ மாலையிலோ ஒரே இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். தேதி, நேரம், மழையா வெயிலா என்று எழுதுங்கள். வந்த பறவை சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு கூரா, தட்டையா, வளைவா? என்ன தின்றது? எங்கே போயிற்று? பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து வைத்துத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தமிழ்ப் பெயரையும், பக்கத்து வீட்டு மாக்சிக் சொல்லும் மலாய்ப் பெயரையும், நூலகப் புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயரையும் அருகருகே எழுதுங்கள்.

இந்தியாவில் சாலிம் அலி என்றொரு பறவை அறிஞர் இருந்தார். 1896இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் புள்ளி இருந்தது. இது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அங்கிருந்த மில்லார்ட் என்ற செயலாளர் அந்தச் சிறுவனை விரட்டவில்லை. அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்திய பறவைகளை எல்லாம் பொறுமையாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தியப் பறவைகளைப் பற்றி உலகமே படிக்கும் நூல்களை எழுதியவர். 1987இல் மறையும்வரை பறவைகளோடே வாழ்ந்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை "இது என்ன பூச்சிம்மா?" என்று கேட்கும்போது, "சும்மா இரு, வேலை கிடக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால், "வா, பாட்டியைக் கேப்போம்" என்று சொல்லுங்கள். அது போதும். பாட்டிமார்களே, தாத்தாமார்களே, "எங்களுக்கு என்ன தெரியும், நாங்க படிக்காத சனங்க" என்று ஒதுங்காதீர்கள். அதிகாலை இருட்டில் தலைவிளக்கோடு காட்டுக்குள் நடந்த உங்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. நீங்கள் சொல்லாமல் போனால் அது உங்களோடு போய்விடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், கணக்குக்கும் மொழிக்கும் பரிசு கொடுப்பதோடு, சிறந்த கொல்லைப்புற நோட்டுக்கும் ஒரு பரிசு கொடுங்கள். அந்தப் பரிசுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். நோட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டாம். எத்தனை பெயர், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதியது என்று பாருங்கள். அந்தப் பரிசைப் பிள்ளையோடு சேர்ந்து அந்தப் பாட்டியோ தாத்தாவோ மேடைக்கு வந்து வாங்கட்டும்.

வீட்டுக்குப் போனதும் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.